பெலிக்ஸ் சாப்பிட்டு முடிக்கும் வரை

“கொஞ்சம் அசையாம நில்லேன்டா” என்றாள் செவரின், அவன் சட்டையின் மேல் பொத்தானோடு போராடிக்கொண்டே. பெலிக்ஸ் நிற்கிற மாதிரி இல்லை. பொத்தான் துளைக்குள் நுழையப் போகிற நேரம் பார்த்து ஒவ்வொரு தடவையும் கழுத்தைத் திருப்பி அம்மாவின் கட்டிலைப் பார்த்தான்.

“மம்மா, பூ போதுமா?”

அப்பொலின் கண்ணைத் திறக்காமலே சிரித்தாள். “தோட்டத்துல ஏதாவது மிச்சம் வச்சிருக்கியா?”

“செம்பருத்தி மொட்டு இருக்கு. அது நாளைக்குத்தான் பூக்கும்.”

தரையில் பித்தளைத் தாம்பாளம் நிறையப் பூ. அரளி, சங்குப்பூ, வேலியோரத்து மஞ்சள் பூ, பெயர் தெரியாத காட்டுப் பூக்கள். இருட்டு விலகுமுன்னே எழுந்து ஈரத்தோடு பறித்துக்கொண்டு வந்திருந்தான். மாதா பிறந்தநாளுக்கு முந்தைய ஒன்பது நாளும், இன்றைப்போலப் பிறந்தநாளன்றும், சிறுபிள்ளைகள் கோயிலில் வரிசையாகப் போய்ப் பூப் போடுவார்கள். அந்த வரிசையில் முப்பத்துநாலு வயது பெலிக்ஸும் நிற்பான். பிள்ளைகளின் தலை அவன் இடுப்பு மட்டும்தான் வரும். முன்தலையில் முடி உதிர்ந்துபோன பிறகும் அவன் அந்த வரிசையை விடவில்லை. பிள்ளைகள் வளர்ந்து, கல்யாணம் செய்து, தங்கள் பிள்ளைகளை அனுப்பி வைத்தார்கள். பெலிக்ஸ் அவர்களுக்கும் இடம் விட்டு நின்றான்.

பின்வாசலில் நத்தாலியின் குரல் கேட்டது. பக்கத்து வீட்டுக்காரி. காலில் சேறும் தலையில் வெள்ளை முக்காடுமாக எட்டிப் பார்த்தாள்.

“என்ன மாப்பிள்ளே, கிளம்பியாச்சா? இந்தப் பங்குல மீசை நரைச்சப்புறமும் பூப் போடுற ஆம்பளை நீ ஒருத்தன்தான்.”

“நீங்களும் போடுங்க.”

“நான் போட்டா மாதா எடுத்துத் திருப்பி எறிவா. அவளுக்கு என்னைத் தெரியும்.”

பெலிக்ஸ் வாய்விட்டுச் சிரித்தான். தாம்பாளத்தைத் தூக்கிக்கொண்டு கட்டிலருகே வந்து குனிந்தான். அப்பொலின் கையை உயர்த்தி அவன் நெற்றியில் சிலுவை போட்டாள். கை பாதியில் நின்றது, பிறகு மிச்சத்தையும் போட்டது.

“கோயில்ல நெல்லுக்கதிர் குடுப்பாங்க, வாங்கிட்டு வா. புது அரிசி சாப்பிடணும்.”

“ரெண்டு வாங்குவேன்.”

அவர்கள் போன பிறகு வீட்டில் தண்ணீர் சொட்டும் சத்தம் மட்டும் மிஞ்சியது. இரவெல்லாம் மழை. இப்போது ஓய்ந்திருந்தாலும் ஓடுகளின் விளிம்பிலிருந்து விழுந்தபடியே இருந்தது. சாம்பவி ஆற்றின் பக்கமிருந்து பனிமூட்டம் வயல்மேல் ஏறி, பாக்குத் தோட்டத்துக்குள் நுழைந்து, மரங்களின் கால்களை மறைத்துவிட்டிருந்தது. ஜன்னல் வழியாகப் பார்க்கையில் பாக்கு மரங்கள் எதன் மேலும் நிற்காமல் மிதப்பதுபோலத் தெரிந்தன.

செவரின் வெந்நீரில் துணியை நனைத்து அக்காவின் முகத்தைத் துடைத்தாள். மஸ்கட்டில் இருபது வருஷத்துக்கும் மேலாக நர்ஸ் வேலை. எத்தனையோ பேருக்கு இதைச் செய்த கைதான். ஆனால் இந்தக் காது மடலையும், காதுக்குப் பின்னாலிருக்கும் சின்ன மச்சத்தையும் துடைக்கும்போது கை மெதுவாகிவிடுகிறது. கணையத்தில் வந்த நோய். மருத்துவமனையில் இனி செய்ய ஒன்றுமில்லை என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அன்றைக்கே லீவு போட்டுவிட்டுச் செவரின் விமானம் ஏறினாள்.

“மார்செல் வந்திருந்தார்” என்றாள் அப்பொலின்.

அவள் புருஷன் செத்து ஒன்பது வருஷம் ஆகிறது.

“என்ன சொன்னார்?”

“மீன் குழம்புல உப்பு கம்மின்னார். அங்க போயும் அந்த மனுஷன் திருந்தல.”

கூரையில் ஓர் ஓடு மட்டும் கண்ணாடி. அதன் வழியே இறங்கிய வெளிச்சம் சுவரில் கைக்குட்டை அளவுக்குக் கிடந்தது. காலையில் அலமாரிப் பக்கம் தொடங்கி, சுவரிலிருந்து இறங்கி, மதியத்துக்குள் கட்டிலுக்கு வந்து சேரும். அப்பொலின் பகலெல்லாம் அதையே பார்த்துக்கொண்டு படுத்திருப்பாள், வரப்போகிற விருந்தாளியைப் பார்ப்பதுபோல.

செவரின் வலி மருந்தை அளந்து கொடுத்தாள். நாடியைப் பிடித்துப் பார்த்தாள். விரல் நுனிகளில் நீலம் ஏறத் தொடங்கியிருந்தது. இன்றைக்குத் தாண்டாது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. வந்த நாளிலிருந்து வயிற்றுக்குள் வைத்திருந்தது வாய்க்கு வந்துவிட்டது.

“அக்கா, கேட்டுடு.”

“எதை?”

“எதைக் கேக்கணும்னு நெனச்சுக்கிட்டு கேக்காம இருக்கியோ, அதை. நீ வாயைத் தொறக்குறப்பல்லாம் எனக்கு நெஞ்சு அடிச்சுக்குது. கேட்டுட்டேன்னா சரியோ இல்லையோ ஏதோ ஒண்ணு சொல்லிடுவேன்.”

அப்பொலின் தலையை மெல்லத் திருப்பினாள். “பெலிக்ஸ் விஷயமா?”

“வேற யாரு விஷயம்?”

“அவனை ஆண்டவர் பாத்துப்பார்.”

செவரின் கையிலிருந்த துணியைக் கிண்ணத்தில் போட்டாள். தண்ணீர் வெளியே தெறித்தது.

“அந்த ஆண்டவர் எங்க இருக்கார்னு எனக்குத் தெரியும் அக்கா. மஸ்கட்ல, மூணாவது மாடியில, நைட் டூட்டி பாத்துக்கிட்டு இருக்கார்.”

அப்பொலினுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு வலியாக மாறி, கண்ணோரம் நீர் வழிந்தது. அப்போதும் சிரிப்பு நிற்கவில்லை.

“சிரிக்காத. நெஜமாத்தான் சொல்றேன். எல்லாரும் அதையேதான் சொல்றாங்க. சாமியார் சொல்றார், நத்தாலி சொல்றா, ஃபோன்ல வலேரியன் அண்ணன் சொல்றான். ஆண்டவர் பாத்துப்பார்னு சொல்லிட்டு என் மூஞ்சியைப் பாக்குறாங்க. ஐம்பது வயசுல ஒருத்தர் என்னைக் கட்டிக்கறேன்னு வந்திருக்கார். எனக்கும் ஒரு வீடு வரும்னு இப்பத்தான் நெனச்சேன்.”

கயேத்தான் கோவாக்காரர். மனைவியை இழந்தவர். துறைமுகத்தில் கிடங்கு மேற்பார்வை. வெள்ளிக்கிழமை பூசைக்குப் பிறகு காப்பி வாங்கிக் கொடுப்பார். வேறு பெரிதாக ஒன்றுமில்லை. ஆனால் அந்தக் காப்பிக்காக வாரம் முழுதும் காத்திருக்கிறோம் என்பதைச் செவரின் ஒருநாள் கண்டுகொண்டாள். வந்த இரண்டாம் நாளே அக்காவிடம் சொல்லிவிட்டாள். “தலைக்குச் சாயம் அடிக்கிறானா?” என்றுதான் அப்பொலின் முதலில் கேட்டாள். இல்லை என்றதும், “அப்ப நல்ல ஆளு. கட்டிக்கோ” என்றாள்.

இப்போது வெளிச்சம் அலமாரியை விட்டு நகர்ந்துகொண்டிருந்தது.

“செவ்ரி, நான் உன்னைச் சொல்லல. உக்காரு.”

செவரின் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள்.

“இவன் பொறந்தப்ப, இந்த மாதிரிக் கொழந்தை இருபது வயசு தாண்டாதும்மான்னு டாக்டர் சொன்னாங்க. நான் அழுதேன். அப்புறம் இருபது வந்துச்சு. தாண்டிடுச்சு. மார்செலும் போயிட்டார். அதுக்கப்புறம் நான் ஒரு செபம் பண்ண ஆரம்பிச்சேன். செபமாலை முடிஞ்சு இவன் எழுந்து போனப்புறம், தனியா. என்ன கேட்டேன் தெரியுமா? எனக்கு முன்னாடி இவனை எடுத்துக்கோன்னு கேட்டேன்.”

செவரின் சுவரில் கிடந்த வெளிச்சத்தைப் பார்த்தாள்.

“பெத்த வாயால கேட்டேன்டி. தினமும் கேட்டேன். அவன் பக்கத்து ரூம்ல குறட்டை விட்டுக்கிட்டு இருப்பான். எனக்கு ஒரு நாள் முன்னாடி போதும், நான் குளிப்பாட்டி அனுப்பிட்டு வந்துடறேன்னு. போன வருஷம் அவனுக்கு நிமோனியா வந்துச்சே, அப்ப நான் ஆண்டவர்கிட்ட ஒண்ணும் கேக்கல. சும்மா இருந்தேன். சும்மா இருக்கறதும் கேக்கறதுதான?”

“அக்கா...”

“அவன் எழுந்து உக்காந்துட்டான். தோசை வேணும்னான்.” அப்பொலினின் மூச்சு கொஞ்சம் தடுமாறியது. “இப்ப நான் போறேன், அவன் இருக்கான். நான் கேட்டதை அவர் குடுக்கல. அதுக்குத்தான் இத்தனை நாளா ராத்திரி நன்றி சொல்லிட்டு இருக்கேன். வேற எதுக்குன்னு நெனச்ச?”

இரவு செபமாலைக்குப் பிறகு ஆளுக்கொரு நன்றி சொல்வது அப்பொலின் வீட்டு வழக்கம். பெலிக்ஸின் நன்றிகள் நீளமாக இருக்கும். பஸ் கண்டக்டர் சிரித்தார், நத்தாலி வீட்டு நாய் குட்டி போட்டது, ரசத்தில் தக்காளி இருந்தது. அப்பொலின் மட்டும், “என் ஆண்டவரே, குடுக்காததுக்கு” என்று சொல்லி முடித்துக்கொள்வாள். நோயாளியின் பிதற்றல் என்று செவரின் நினைத்திருந்தாள். தன் முறை வரும்போது, “எனக்கு ஒண்ணும் தோணல” என்று எழுந்து போய்விடுவாள்.

“பயமா இல்லையா உனக்கு?” என்று கேட்டாள்.

“இருக்கு. ரொம்ப இருக்கு. என்ன ஆகும்னு தெரியல. தெரியாத இடத்துல அவர் இருப்பார்னு நெனச்சுக்கறேன். தெரிஞ்ச இடத்தைத்தான் நானே பாத்துக்கிட்டேனே.”

அவள் கண்கள் பாதி மூடின. வயல் பக்கத்திலிருந்து பேண்டு வாத்தியம் கேட்டது. கதிர்களை மந்திரித்து மாதாவோடு ஊர்வலமாகக் கோயிலுக்குக் கொண்டுபோகிறார்கள். காற்று வந்தால் பாட்டு முழுசாக வந்தது, காற்று நின்றால் மத்தளம் மட்டும். பனிமூட்டத்துக்குள் எங்கோ பிள்ளைகள் சேர்ந்து பாடினார்கள். அந்தக் கூட்டத்தில் ஒரு தடித்த குரல் மட்டும் தாளத்துக்கு ஓரடி பின்னால் வந்துகொண்டிருந்தது. தூக்கத்திலேயே அப்பொலினின் உதடு அந்தக் குரலோடு அசைந்தது.

பூசை முடிந்து பெலிக்ஸ் வந்தபோது கால்சட்டை முழங்கால் வரை நனைந்திருந்தது. தோளில் கரும்பு, கையில் பச்சை வாசனை போகாத இரண்டு நெற்கதிர்.

“மம்மா! ரெண்டு குடுத்தாங்க. ஆண்டவர் நல்லது பண்ணட்டும்னு சொன்னேன்.”

நன்றி என்பதற்கு அவர்கள் ஊர்ப் பேச்சில் அதுதான் சொல். பெலிக்ஸ் அதை எல்லாரிடமும் சொல்வான், ஊசி போடுகிற டாக்டரிடமும்.

கதிரை உரிப்பது வீட்டுப் பெரியவர் வேலை. செவரின் அக்காவைத் தலையணையில் சாய்த்து உட்கார வைத்து, தன் தோளைக் கொடுத்தாள். அப்பொலின் நகத்தால் ஒரு நெல்லைக் கீறினாள். வழுக்கிப் போனது. இன்னொன்று. பால் முற்றாத பச்சரிசி, விரலில் கசங்கி வெள்ளையாக ஒட்டிக்கொண்டது. அவள் மூன்று நெல்மணி உரிப்பதற்குள் வெளிச்சம் கட்டில் காலுக்கு வந்துவிட்டது. யாரும் அவசரப்படுத்தவில்லை. மிச்சத்தைச் செவரினும் பெலிக்ஸும் உரித்தார்கள். நசுக்கி, தேங்காய்ப்பாலில் வெல்லத்தோடு போட்டு, ஒரே கிண்ணத்திலிருந்து எடுத்தார்கள். முதல் கரண்டி அப்பொலினுக்கு. அவள் வாயில் வைத்துக்கொண்டே இருந்தாள், வெகுநேரம் கழித்து விழுங்கினாள்.

“நன்றி சொல்லணும்” என்று நினைவூட்டினான் பெலிக்ஸ்.

“நீ சொல்லு.”

“கதிர் ரெண்டு. நத்தாலி அத்தை குடை. மாதா புடவை நீலம். மௌசி வந்தா. மம்மா உக்காந்தா.” யோசித்தான். “கரும்பு.”

அவன் மௌசி என்று கூப்பிடுவது சின்னம்மாவை. அம்மாவும் பிள்ளையும் அவளைப் பார்த்தார்கள்.

“மழை நின்னதுக்கு” என்றாள் செவரின், ஏதாவது சொல்ல வேண்டுமே என்று.

சொல்லி வாய் மூடவில்லை, ஓடுகளின் மேல் சடசடவென்று பிடித்துக்கொண்டது. பெலிக்ஸ் கை தட்டிச் சிரித்தான். அப்பொலினும் சிரித்தாள். செவரினுக்கும் அடக்க முடியவில்லை. மூன்று பேரும் ஒரே கட்டிலில் ஒருவர்மேல் ஒருவர் விழுந்துவிடுவதுபோலச் சாய்ந்து சிரித்தார்கள்.

மதியச் சாப்பாட்டை நத்தாலிதான் சமைத்துக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். மாதா பிறந்தநாளில் மீன் கிடையாது, எல்லாம் காய்தான். பாகற்காய், வெண்டைக்காய், சேப்பந்தண்டு, முருங்கைக்கீரை, பயத்தம்பருப்புப் பாயசம். அப்பொலின், “இங்க போடு இலையை. அவன் சாப்பிடறதைப் பாக்கணும்” என்றாள்.

செவரின் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் இலை விரித்தாள். அப்பொலின் ஒருக்களித்துப் படுத்து, கன்னத்தை உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள். பெலிக்ஸ் சம்மணம் போட்டு உட்கார்ந்து, வழக்கம்போல ஒவ்வொன்றாக முடித்துவிட்டு அடுத்ததற்குப் போனான். வெண்டைக்காய் முடிந்தது. கீரை முடிந்தது. நடுநடுவே அம்மாவிடம் பேசினான். கோயிலில் ஒரு குழந்தை அழுதது, சாமியாரின் மேலங்கியில் பூ விழுந்து அவர் தெரியாமலே பூசை முழுக்க அதோடு நின்றார். மழை ஒரே சீராகப் பெய்தது. வெளிச்சம் கட்டிலில் ஏறி, அப்பொலினின் கையில் வந்து படுத்தது, மழை வெளிச்சமாதலால் தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல மங்கலாக.

பாயசம் எடுக்க எழுந்த செவரின், திரும்பி வந்தபோது கதவருகிலேயே நின்றுவிட்டாள்.

அருகில் போய்ப் பார்க்க வேண்டியதில்லை. அக்காவின் மேல் போர்த்தியிருந்த துணி ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. கண்கள் திறந்தபடி இருந்தன. பெலிக்ஸின் இலைமேல் இருந்தது பார்வை. முகத்தில் முந்தைய நிமிஷத்துச் சிரிப்பு அப்படியே இருந்தது, யாரோ கூப்பிட்டுப் பாதியில் எழுந்து போனதுபோல.

“பாயசமா மௌசி?”

இலையில் இன்னும் பாகற்காய் இருந்தது, கொஞ்சம் சோறு இருந்தது. அவன் இரண்டு கைகளையும் முழங்காலில் வைத்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தான்.

அவள் குனிந்து பாயசத்தை ஊற்றினாள்.

“பாகற்காயை முதல்ல முடி” என்றாள்.

முடித்தான். பாயசத்தை வழித்து வாயில் போட்டுக்கொண்டு, “மம்மா, இன்னொரு கரண்டி?” என்று கேட்டான். சர்க்கரை அதிகம் கூடாது என்று அம்மா எப்போதும் தடுப்பாள்.

கட்டிலிலிருந்து பதில் வரவில்லை. மழை பெய்தது.

“மம்மா சரின்னுட்டாடா” என்று சொல்லிச் செவரின் இன்னொரு கரண்டி ஊற்றினாள். சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டாள். அவன் சாப்பிடும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு, அக்காவின் திறந்த கண்களையும் அவன் குனிந்த தலையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவசரம் என்று ஒன்று உலகத்தில் இருப்பதாகவே அப்போது தோன்றவில்லை. கடைசி வாய் உள்ளே போகும்வரை யாரும் கதவைத் தட்டாமலிருக்க வேண்டும் என்பது மட்டும்தான் அவளுக்கு வேண்டியிருந்தது. யாரும் தட்டவில்லை.

அவன் இலையை மடித்து எடுத்துப்போய்ப் போட்டு, கை கழுவி, சட்டையில் துடைத்துக்கொண்டு வந்தான்.

“பெலிக்ஸ், இங்க வா.” அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். “மம்மா போயிட்டாடா.”

அவன் அம்மாவைப் பார்த்தான். குனிந்து இன்னும் கிட்டத்தில் பார்த்தான்.

“கண்ணு தொறந்திருக்கே?”

“ஆமா. நான் இப்ப மூடுவேன்.”

“மூடு” என்றான். அவள் மூடும்வரை பார்த்திருந்துவிட்டு, கட்டிலின் கால்மாட்டுக்குப் போய், விலகியிருந்த போர்வையை இழுத்து அம்மாவின் பாதங்களை மூடினான். பிறகு அங்கேயே தரையில் உட்கார்ந்து, போர்வையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டான். அழுகை வந்தது. சத்தம் இல்லாத அழுகை, தோள் மட்டும் குலுங்கியது. செவரின் பங்குச் சாமியாருக்கு ஃபோன் செய்தாள். கொஞ்ச நேரத்தில் கோயிலில் துக்க மணி ஒவ்வொன்றாக, இடைவெளி விட்டு விட்டு அடிக்கத் தொடங்கியது. நத்தாலி ஓடி வந்தாள்.

மறுநாள் அடக்கம். பம்பாயிலிருந்து வலேரியன் வந்துவிட்டான். அப்பொலினுக்கு இளையவன், செவரினுக்கு அண்ணன். முழங்கால் வலியோடு படியேறி வந்து, அக்காவின் முகத்தைப் பார்த்து விம்மி அழுதான். பிறகு செவரினைக் கூப்பிட்டுக்கொண்டு பின்பக்கம் கிணற்றடிக்கு வந்தான்.

“நகரத்துல கன்னியர் நடத்துற வீடு ஒண்ணு இருக்கு. பேசியிருக்கேன். நல்ல இடம், செவ்ரி. தோட்டம்லாம் இருக்கு. இவனை மாதிரி நிறைய பேர் இருக்காங்க.”

“அக்காவுக்குத் தெரியுமா?”

“போன வாரம் ஃபோன்ல சொன்னேன். வேண்டாம்னும் சொல்லல, சரின்னும் சொல்லல.” வலேரியன் மூக்கைத் துடைத்துக்கொண்டான். “ஒண்ணு மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னா. செவரினைப் பிடிச்சு நிறுத்திடாத, அவளைப் போக விடுன்னு. அவ மனசுல ஒருத்தர் இருக்கார், அவ ஒருதடவையாவது தனக்குன்னு வாழட்டும்னு. எங்கிட்ட சத்தியம் வாங்கிக்கிட்டா.”

செவரின் கிணற்றுச் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

“அப்ப பெலிக்ஸ்?”

“அதையேதான் நானும் கேட்டேன். ‘யாராவது வருவாங்க’ன்னா. யாரு வருவாங்க அக்கான்னேன். ‘தெரியல. அவர்கிட்ட விட்டுட்டேன்’னா. எனக்குக் கோவம் வந்துச்சு, உண்மையைச் சொல்லணும்னா. நாம என்ன சின்னப் புள்ளைங்களா?”

செவரின் குனிந்து பார்த்தாள். கிணற்றுக்குள் மழைத் தண்ணீர் கைக்கெட்டும் உயரத்துக்கு வந்திருந்தது. அதில் வானம் அசைந்தது. இத்தனை நாளும் ‘பெலிக்ஸை நீ பாத்துக்குவியா’ என்ற ஒரு கேள்விக்குப் பதிலைக் கையில் வைத்துக்கொண்டு திரிந்திருக்கிறாள். அந்தக் கேள்வியை யாருமே கேட்கவில்லை. ‘நான் உன்னைச் சொல்லல’ என்று நேற்று காலை அக்கா சொன்னதும் உண்மைதான், ஒளித்து வைத்த வார்த்தை எதுவும் இல்லை. இப்போது யாரும் பிடித்துத் தள்ளாத இடத்தில் தனியாக நிற்பதுபோல இருந்தது.

“நான் இருக்கேன்” என்றாள்.

“என்னது?”

“இங்க. இவன்கூட.”

“அக்காவுக்குச் சத்தியம் பண்ணியிருக்கேன்டி!”

“நீ பிடிச்சு நிறுத்தலியே. நானேதான் நிக்கறேன்.”

“எத்தனை நாளைக்கு?”

“தெரியல.”

வலேரியன் அவளை ஏற இறங்கப் பார்த்தான்.

உள்ளே பெட்டியைச் சுற்றி உட்கார்ந்து பாடிக்கொண்டிருந்தார்கள். செவரின் பாக்குத் தோட்டத்துக்குள் போய்க் கயேத்தானை அழைத்தாள். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டாள். அந்தப் பக்கம் லாரிகள் பின்னோக்கி நகரும் சத்தம் மட்டும் கேட்டது. அவர் அவசரக்காரர் இல்லை.

“டிசம்பர்ல எனக்கு லீவு இருக்கு” என்றார் கடைசியில். “வர்றேன். வந்து அவனைப் பாக்கறேன். அதுக்கு மேல இப்ப எதுவும் சொல்லத் தெரியல செவரின். பொய் சொல்ல விரும்பல.”

“சரி.”

“கோவமா?”

“இல்ல. நெஜமாவே இல்ல.” அப்படித்தான் இருந்தது. “ஆண்டவர் நல்லது பண்ணட்டும்” என்று சொல்லி வைத்தாள். சொன்ன பிறகுதான் கவனித்தாள், இந்த லீவில் அந்தச் சொல் அவள் வாயில் வருவது அதுதான் முதல் தடவை.

கோயிலில் பூசை முடிந்து, கல்லறையில் மண் போடும்போது மழை விட்டிருந்தது. பெலிக்ஸ் கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு குழியோரம் நேராக நின்றான். வலேரியனுடைய சட்டை அது, தோளில் பிடித்தது. மண்ணை ஒரு பிடி எடுத்து, கட்டியை உடைத்துப் பொடியாக்கி, மெதுவாகப் போட்டான். வந்தவர்கள் வரிசையாக அவன் கையைப் பிடித்தார்கள். ஒவ்வொருவரிடமும், “ஆண்டவர் நல்லது பண்ணட்டும்” என்றான். சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டே அவசரமாக நகர்ந்தார்கள். பங்குச் சாமியார் வந்து அவன் தோளைத் தொட்டார்.

“சாமி” என்றான் பெலிக்ஸ், “நான் சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் மம்மா பாத்துக்கிட்டே இருந்தா.”

சாமியார் செவரினைப் பார்த்தார்.

“ஆமா சாமி” என்றாள் செவரின். “பாத்துக்கிட்டேதான் இருந்தா.”

வீட்டில் கஞ்சி காத்திருந்தது. சொந்தக்காரர்கள் வேன்களில் ஏறிச் சாலை வழியாகப் போனார்கள். வலேரியன் வண்டிக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு கூப்பிட்டான். பெலிக்ஸ் தலையாட்டிவிட்டு, கல்லறைச் சுவரின் உடைந்த இடத்தைத் தாண்டி வயலுக்குள் இறங்கினான். அவனும் அம்மாவும் எப்போதும் அந்த வழியாகத்தான் வருவார்களாம். செவரின் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பின்னால் போனாள்.

கதிர்கள் தலை சாய்ந்து ஈரத்தில் நின்றன. பனிமூட்டம் மறுபடியும் இறங்கிக்கொண்டிருந்தது. ஆறும் அக்கரையும் இல்லை, வீடும் தெரியவில்லை. வரப்பு கொஞ்ச தூரம் வரைதான் கண்ணுக்குப் பட்டது, அதற்கப்பால் வெள்ளை. கொக்கு ஒன்று எழுந்து அதற்குள் போனது. பெலிக்ஸ் முன்னால் நடந்தான், கால் வைக்குமுன் ஒவ்வோரடியும் பார்த்துப் பார்த்து.

ஓரிடத்தில் வரப்பு உடைந்து தண்ணீர் குறுக்கே ஓடிக்கொண்டிருந்தது. அவன் முதலில் இறங்கி ஏறினான். அங்கேயே நின்றான். திரும்பிப் பார்க்கவில்லை. கையை மட்டும் பின்னால் நீட்டி, விரல்களை விரித்து வைத்துக்கொண்டான்.

தண்ணீர் கணுக்கால் அளவுதான் இருந்தது. செவரின் செருப்பை அடுத்த கைக்கு மாற்றிக்கொண்டு, கையைக் கொடுத்தாள்.